புயலுக்கு முன்னே ஒரு பேலன்ஸ் ஷீட்

நம் ஊருக்கு ஒரே புயல் மூன்று தடவை வரும். முதல் தடவை டி.வி.யில். இரண்டாவது தடவை பால் பூத்தில். மூன்றாவது தடவைதான் வங்கக் கடலிலிருந்து. முதல் இரண்டிலேயே நம் ஜனங்கள் களைத்துப் போய்விடுவதால், நிஜப் புயல் வரும் ராத்திரி பாதிப் பேர் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

டி.வி. புயல் பார்க்க அழகானது. ரெயின்கோட் போட்ட ஒரு நிருபர் மெரினா மணலில் சாய்ந்தபடி நின்று, "காற்று பலமாக வீசுவதை நீங்கள் பார்க்கலாம்" என்று கத்துவார். அவருக்குப் பின்னால் லுங்கி கட்டிய ஒருவர் எந்தச் சாய்வும் இல்லாமல் நேராக நடந்து போய்க்கொண்டிருப்பார்.

பால் பூத் புயல் பயங்கரமானது. "அண்ணே, எனக்கு எட்டு பாக்கெட்" என்று கேட்பவரின் வீட்டில் மொத்தம் மூன்று பேர். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் ஓடாது, ஃப்ரிட்ஜ் ஓடாவிட்டால் எட்டு பாக்கெட்டும் மறுநாள் தயிர், அதற்கு மறுநாள் சாக்கடை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் முன்னால் நின்றவர் ஆறு வாங்கினாரே! பேக்கரியில் இன்னும் மோசம். ஜுரம் வந்தால் மட்டும் பிரெட் சாப்பிடுகிற குடும்பம், புயல் என்றதும் நாலு பாக்கெட் பிரெட்டோடு வீடு திரும்பும். அடுத்த வாரம் முழுக்க அந்த வீட்டில் பிரெட் உப்புமாதான்.

நான் படித்தது பி.காம். எந்த விஷயத்தைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகக் கோடு போட்டுப் பார்க்கிற வியாதி அப்போதே தொற்றிக்கொண்டது. புயலுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. நாம்தான் பற்று எழுத வேண்டிய இடத்தில் பால் பாக்கெட்டை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

* * *

முதலில் புயலின் உத்தியோக உயர்வைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆபீஸ் போகிறவர்களுக்கு இது சுலபம்.

கடலில் முதலில் உருவாவது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. இது டிரெயினி. சேருவதும் தெரியாது, காணாமல் போவதும் தெரியாது. காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் 'தாழ்வு மண்டலம்' என்று டேபிள், நாற்காலி கொடுப்பார்கள். 50 கிலோமீட்டர் என்றால் 'ஆழ்ந்த தாழ்வு மண்டலம்'. 62ஐத் தொட்டால்தான் வேலை பர்மனென்ட். அப்போதுதான் அது 'புயல்', அப்போதுதான் அதற்குப் பெயர். 89க்கு மேல் 'தீவிர புயல்', 118க்கு மேல் 'மிகத் தீவிர புயல்' என்று மேலே மேலே மானேஜர், ஜி.எம். எல்லாம் உண்டு.

பெயர் வைப்பது 13 நாடுகள். 2020ல் வெளியான பட்டியலில் ஆளுக்கு 13 வீதம் 169 பெயர்கள். இந்தியா கொடுத்ததில் 'முரசு' என்று ஒரு நல்ல தமிழ்ப் பெயரும் இருக்கிறது. இதற்கு முந்தைய பட்டியலில் பாகிஸ்தான் கொடுத்த பெயர்தான் 'வர்தா'. ரோஜாப்பூ என்று அர்த்தமாம். அந்த ரோஜாப்பூ 2016 டிசம்பர் 12 அன்று சென்னைக்கு வந்து ஆயிரக்கணக்கான மரங்களை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது.

விஷயம் என்னவென்றால், இந்த உத்தியோக உயர்வு முழுக்க முழுக்கக் காற்றின் வேகத்தை வைத்துத்தான். மழை எவ்வளவு கொட்டும் என்பதற்கு இதில் ஒரு மார்க்கூடக் கிடையாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், உத்தியோகத்தில் வெறும் 'புயல்'. கீழ்நிலை ஊழியர். ஆனால் கரைக்கு வந்த மனுஷன் நகராமல் அங்கேயே மணிக்கணக்காக உட்கார்ந்துகொண்டார். புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விழுப்புரம், கடலூர் பக்கமெல்லாம் தண்ணீர். "சாதாரண புயல்தானே" என்று சொன்னவர்கள் கட்டில் மேல் உட்கார்ந்து சொல்ல வேண்டியதாயிற்று.

துறைமுகத்தில் ஏற்றுகிற எச்சரிக்கைக் கூண்டு இன்னொரு சமாசாரம். ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர். "மூணாம் நம்பர் ஏத்திட்டாங்களாம், மொட்டை மாடித் துணியை எடு" என்று வீட்டில் பரபரப்பாகும். அந்தக் கூண்டு கப்பல்காரர்களுக்கு, நம் துணிக்கு இல்லை. ஒன்று, இரண்டு என்றால் புயல் தூரத்தில். ஐந்து, ஆறு, ஏழு என்றால் துறைமுகத்துக்கு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரிய அபாயம். பதினொன்று என்றால், வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். மாசக் கடைசியில் பல வீடுகளில் கணவன் மனைவிக்கு நடுவே ஏற்றப்படுவது இந்தப் பதினொன்றுதான்.

நாம் பார்க்க வேண்டியது கூண்டை அல்ல. நம் மாவட்டத்துக்கு மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா என்று வானிலை மையம் சொல்வதை. சிவப்பு என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்று பொருள். பள்ளிக்கூடத்துக்கு லீவு என்பது அதன் உபரி வருமானம் மட்டுமே.

* * *

நம் ஜனங்களிடம் ஒரு பழக்கம். போன வருஷக் கேள்வித்தாளைப் படித்துவிட்டு இந்த வருஷப் பரீட்சை எழுதுவது. புயலுக்கும் அதேதான்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அது புயலே இல்லை, மழை. மறு வருஷம் வர்தா வருகிறது என்றதும் எல்லாரும் தண்ணீருக்குத் தயாரானார்கள். சோபாவைத் தூக்கி மேஜை மேல் வைத்தார்கள். மேஜையை எதன் மேல் வைப்பது என்று யோசித்தார்கள். வந்ததோ காற்று! மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல். வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வாசலில் நிறுத்திய கார் மேல் தூங்குமூஞ்சி மரம் படுத்திருந்தது.

2023ல் மிக்ஜாம். இந்தத் தடவை எல்லாரும் உஷார். மரக்கிளையை வெட்டினார்கள், காரை மரத்தடியிலிருந்து எடுத்துத் தாழ்வான காலி மனையில் பத்திரமாக நிறுத்தினார்கள். அந்தப் புயல் சென்னையில் கரையையே கடக்கவில்லை. ஓரமாகப் போய் டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறியது. ஆனால் போகிற போக்கில் இரண்டு நாளில் சென்னையின் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டுப் போனது. காலி மனை ஏரியானது. கார் படகாக முயற்சி செய்து தோற்றது.

ஆகவே, புயல் வருகிறது என்றதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை பாக்கெட் பால்' இல்லை. 'வரப்போவது காற்றா, தண்ணீரா, கடலா?' என்பதுதான்.

கடல் என்றால் வாதமே கிடையாது. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குள் கடல் புகுந்தபோது ஓடிக்கொண்டிருந்த ரயிலே பயணிகளோடு போய்விட்டது. கரையோரத்தில் இருப்பவர்களை அதிகாரிகள் வந்து 'கிளம்புங்கள்' என்றால், பூட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மற்ற இரண்டுக்குத்தான் வீட்டில் வேலை இருக்கிறது.

* * *

காற்று என்றால் மொட்டை மாடியிலிருந்து தொடங்குங்கள். எந்த வீட்டு மொட்டை மாடியும் ஒரு ஆயுதக் கிடங்கு. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, பழைய தகரம், என்றைக்கோ சந்தா கட்டாமல் விட்ட டிஷ் ஆன்டெனா, துளசித் தொட்டி, 'அப்புறம் உதவும்' என்று அப்பா சேர்த்து வைத்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் இதில் ஒன்று பறந்தால், அது எதிர்வீட்டு ஜன்னலில் போய் நிற்கும். எதிர்வீட்டுக்காரரும் அதே சமயத்தில் தன் தொட்டியை நமக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். கீழே இறக்கி வைப்பதற்கு ஒரு மணி நேரம் போதும்.

சின்டெக்ஸ் தொட்டியை ரொப்பி வையுங்கள். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்பது ஒரு காரணம். காலித் தொட்டி பலூன் மாதிரி கிளம்பிவிடும் என்பது இன்னொன்று. ஆயிரம் லிட்டர் என்றால் ஆயிரம் கிலோ. எந்தப் புயலும் அதை அசைக்க யோசிக்கும். அப்படியே மொட்டை மாடியின் மழைத்தண்ணீர்க் குழாய் வாயில் அடைத்திருக்கும் இலை, குர்குரே கவர், காக்கா கொண்டுவந்து போட்ட எலும்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாடியே நீச்சல் குளமாகி, சீலிங் வழியாக உங்களைப் பார்க்க வரும்.

முருங்கை மரம் இருந்தால் கிளையை முன்கூட்டியே கழித்துவிடுங்கள். முருங்கைக்குக் காற்று வேண்டியதில்லை, பெருமூச்சே போதும்.

முக்கியமான ஒன்று, புயலின் கண். புயல் நேராக நம் தலைக்கு மேல் கடந்தால், திடீரென்று காற்று நின்றுபோகும். வானம் கொஞ்சம் வெளுக்கும். "அவ்ளோதானா? இதுக்கா இந்தக் கூத்து?" என்று ஆண் சிங்கங்கள் எல்லாம் செல்ஃபோனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வரும். வர்தாவின்போது சென்னையில் நடந்தது இதுதான். அது இடைவேளை, படம் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். நம் கிழக்குக் கடற்கரையில் முதல் பாதி பெரும்பாலும் வடக்கிலிருந்து, இரண்டாம் பாதி தெற்கிலிருந்து. முதல் பாதியில் பாதி சாய்ந்த மரத்தை, இரண்டாம் பாதி மறுபக்கமாகத் தள்ளி முடித்து வைக்கும். அதனால் வடக்கு ஜன்னலை மட்டும் அடைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளாதீர்கள். 'கடந்துவிட்டது' என்று வானிலை மையம் சொல்லும்வரை தெருவில் உங்களுக்கு வேலை இல்லை.

* * *

தண்ணீர் என்றால், அது வாசல் வழியாகத்தான் வரும் என்று மணல் மூட்டையோடு வாசலில் காத்திருக்காதீர்கள். தரைத் தளத்தில் முதலில் அது பாத்ரூம் வழியாக வரும். தெருச் சாக்கடை நிரம்பினால் நம் வீட்டுக் குழாயில் திரும்பி ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணலைக் கட்டிக் கக்கூஸ் கோப்பையிலும், குளியலறை ஓட்டையிலும் வைத்து அமுக்கிவிட வேண்டும். பார்க்க அசிங்கம்தான். வைக்காவிட்டால் பார்க்க நேருவது இன்னும் அசிங்கம்.

கேஸ் சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை உயரத்தில் வைக்க வேண்டும் அல்லது கட்டி வைக்க வேண்டும். தண்ணீர் படியேறுகிறது என்றால் மெயின் ஸ்விட்சை அணைப்பது முதல் வேலை. அது தரை காய்ந்திருக்கும்போதே செய்கிற வேலை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்விட்ச் போர்டைத் தொடுகிற வீரம் வேண்டாம்.

சம்ப்பில் தெருத் தண்ணீர் கலந்துவிடும். எனவே குடிப்பதற்கு மூன்று நாள் தண்ணீர் தனியாகக் கேனில் இருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நாலு லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

காரைப் பற்றி. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்கள் நின்றதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சிரித்தவர்கள் உண்டு. 2023ல் காரைத் தண்ணீரில் விட்ட எவரும் சிரிக்கவில்லை. பாலத்தில் நிறுத்தும்போது ஆம்புலன்ஸ் போக வழி விட்டிருக்கிறோமா என்று மட்டும் பாருங்கள். தண்ணீரில் கார் நின்றுவிட்டதா? வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருகாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், அந்த ஒரு திருகலில் இன்ஜினே வளைந்துவிடும். பம்ப்பர் டு பம்ப்பர் என்று கெத்தாகச் சொல்லிக்கொள்ளும் பாலிசியிலும், 'இன்ஜின் பாதுகாப்பு' என்று தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் பொதுவாக அதற்குப் பணம் வரும். பாலிசியின் பொடி எழுத்தைப் படிக்க இன்று நல்ல நாள். புயல் அன்று வெளிச்சம் இருக்காது.

* * *

இனி ரொக்கக் கணக்கு. வர்தா வந்தபோது நம் நிலைமை நினைவிருக்கிறதா? 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏ.டி.எம்.மில் பணம் இல்லை. கார்டு தேய்க்கலாம் என்றால் கரண்ட் இல்லை. கையில் புத்தம் புது 2000 ரூபாய்த் தாள். மெழுகுவத்தி பத்து ரூபாய். "சில்லறை இருந்தா குடு, இல்லாட்டி வைச்சுட்டுப் போ சார்" என்றார் கடைக்காரர். கையில் பணமிருந்தும் இருட்டில் உட்கார்ந்த குடும்பங்கள் அன்று ஏராளம்.

இன்றைக்கு எல்லாம் செல்ஃபோன். இளநீர்க்காரர்கூட க்யூ.ஆர். அட்டை தொங்கவிட்டிருக்கிறார். டவர் படுத்தால் அந்த அட்டையும் படுத்துவிடும். புயலுக்கு முந்தின நாள், நூறு, ஐம்பது, இருபதாக ஒரு இரண்டாயிரம் மூவாயிரம் வீட்டில் இருக்கட்டும்.

அடுத்தது காகிதம். ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், மார்க் ஷீட், இன்ஷூரன்ஸ் பாலிசி. இவை பெரும்பாலான வீடுகளில் பீரோவின் கடைசித் தட்டில்தான் இருக்கும், அதாவது தண்ணீர் முதலில் தொடும் தட்டில். மேல் தட்டில் பட்டுப் புடவை. இடம் மாற்றச் சொன்னால் குடும்பச் சண்டை வரும். ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை வாங்கிக் காகிதத்தை அதில் போட்டுவிட்டால், இருவருக்கும் மேல் தட்டில் இடம் உண்டு.

ஃபோன் நம்பர்களைக் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913. பேட்டரி தீர்ந்த ஃபோனுக்குள் பத்திரமாக இருக்கும் நம்பரால் யாருக்கும் பிரயோசனமில்லை. உங்கள் மனைவியின் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். மனப்பாடமாகத் தெரியும் என்பவர்கள் இப்போதே கண்ணை மூடிச் சொல்லிப் பாருங்கள்.

ஆபீஸ்? அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். "ஊழியர்களின் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு மெயில் வரும். இரண்டாவது பாராவில், "எனவே வீட்டிலிருந்தே ஒன்பது மணிக்கு லாகின் செய்யவும்" என்றிருக்கும்.

* * *

இதுவரை சொன்னதெல்லாம் பொருள். பேலன்ஸ் ஷீட்டில் வராத ஐட்டம் ஒன்று உண்டு. மனிதர்கள்.

மிக்ஜாம் சமயம் எங்கள் ஃப்ளாட்டின் தரைத் தளத்தில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் தனியாக இருந்தார்கள். பெரியவர் ரிட்டையர்ட் ரயில்வே. அந்த அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆன சமயம். பையன் அமெரிக்காவில். 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. பெரியவர் டி.வி.யில் மத்தியப் பிரதேச, ராஜஸ்தான் ஓட்டு எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வரச் சொன்னோம்.

"2015லயே என் வாசப்படி தாண்டலை தம்பி. கேட்டுல பென்சில் கோடு போட்டு வெச்சிருக்கேன், பாருங்க" என்றார்.

பார்த்தோம். ரயில்வேக்காரர் போட்ட கோடு, நேராகத்தான் இருந்தது. தண்ணீருக்குத்தான் அந்தக் கோட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

"தண்ணி வந்தா அப்போ கூப்பிடுங்க, ஏறி வந்துடறோம்" என்றார்.

மூன்றாவது மாடியில் நாலு பேச்சுலர் பையன்கள். ஐ.டி. கம்பெனி. அதுவரை அந்த நாலு பேரைப் பற்றி அசோஸியேஷனில் வராத புகார் இல்லை. அதில் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், எங்க டி.வி. 55 இன்ச். ரிசல்ட்டை அதுல பாக்கலாமே சார்?" என்றான். பெரியவர் யோசித்தார். எழுந்தார்.

அந்த அம்மாவை முதல் மாடிக்கு ஏற்ற, பதினெட்டுப் படி. மத்தியானம் மூன்று மணி, நல்ல வெளிச்சம், காய்ந்த படி, பக்கத்துக்கு ஒருவராகக் கைத்தாங்கல். இருபது நிமிஷம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஃப்ரிட்ஜிலிருந்த இன்சுலினை ஒரு டப்பாவில் போட்டு மேலே எடுத்துப் போனோம். கரண்ட் போன பிறகு அது மண்பானைக்குள் இருந்தது. மாத்திரைப் பெட்டி, மூக்குக் கண்ணாடி, வாக்கர். அவ்வளவுதான் லக்கேஜ்.

கரண்ட் ராத்திரியே போய்விட்டது. தண்ணீர் இரண்டு மணிக்கு மேல் கேட்டைத் தாண்டியது. விடிந்ததும் பெரியவர் படிக்கட்டில் நின்று கீழே பார்த்தார். நாலு படி முழுகியிருந்தது. அவர் வீட்டுக் கட்டில் மெத்தை வரை தண்ணீர். பென்சில் கோடு எங்கே என்றே தெரியவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டியிருந்தீங்கன்னா, 'இருங்க தம்பி, சட்டையைப் போட்டுட்டு வரேன்'னு சொல்லியிருப்பேன்."

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தில் இருபது நிமிஷம் எடுத்த பதினெட்டுப் படி, கும்மிருட்டில், முழங்கால் தண்ணீரில் எத்தனை நிமிஷம்? அந்தக் கணக்குக்கு விடை தெரிய வேண்டாம் என்பதற்காகத்தான் மத்தியானமே ஏற்ற வேண்டும். வயசானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் எல்லாரும் இருட்டுவதற்குள் இடம் மாறிவிட வேண்டும். 'தண்ணி வந்தா பாத்துக்கலாம்' என்பது நடக்க முடிந்தவர்களின் வசனம்.

அப்புறம் உங்கள் ஃப்ளாட்டின் வாட்ச்மேன். புயல் ராத்திரி அவர் எங்கே படுப்பார் என்று யாராவது கேட்டீர்களா? கார் ஷெட்டில் ஃபேனுக்கு அடியில், தரையோடு தரையாக ஒரு கட்டில். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு ஆற்றோரம் ஷீட் போட்ட வீடு. "நாளைக்கு லீவு எடுத்துக்கங்க" என்று தாராளமாகச் சொல்கிறோம். "ராத்திரிக்கு எங்கே போவீங்க?" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டால் குடி முழுகிவிடாது. கேட்காவிட்டால் நிஜமாகவே ஒரு குடி முழுகலாம்.

* * *

புயல் போன மறுநாளும் வேலை உண்டு. பல உயிர்கள் போவது காற்றில் இல்லை; மறுநாள் காலையில் அறுந்து கிடக்கும் ஒயரை மிதிப்பதில், தண்ணீருக்கடியில் திறந்து கிடக்கும் மேன்ஹோலில். ஒயர் செத்துக் கிடக்கிறது என்று மின்வாரியக்காரர் சொல்லும்வரை அது உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மின்வாரியக்காரரைத் திட்டாமல் இருப்பதும் நல்லது. 2018ல் கஜா டெல்டாவைத் துவைத்துப் போட்டபோது வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து, வயல் சேற்றில் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள்.

வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். 2023ல் பெருங்களத்தூர் பக்கம் ராத்திரியில் முதலை ரோட்டைக் கடக்கிற வீடியோ வந்தபோது எல்லாரும் புளுகு என்றார்கள். கடைசியில் அது மட்டும்தான் நிஜம்!

இவ்வளவும் செய்து முடித்துக் காத்திருந்தால், சில சமயம் புயல் திசை மாறி ஆந்திராவுக்கோ ஒடிசாவுக்கோ போய்விடும். உடனே நம் ஆபீஸ் கேன்டீனில் ஒரு குரல் கேட்கும்: "ஒண்ணும் வரலை பாத்தியா? வானிலை ஆளுங்க சும்மா பயமுறுத்தறாங்க. ரெண்டாயிரம் ரூபா வேஸ்ட்."

இருபது வருஷம் லைஃப் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டிவிட்டு, "இன்னும் சாகலையே, பணம் எல்லாம் வேஸ்ட்" என்று எவனாவது அழுவானா? காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தச் செலவை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள். கேன் தண்ணீரைக் குடித்துவிடலாம். டார்ச் அடுத்த புயலுக்கு ஆகும். சில்லறை பஸ்ஸுக்கு ஆகும். மொட்டை மாடி சுத்தமானது நிகர லாபம்.

நாலு பாக்கெட் பிரெட்டை மட்டும் என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. கடுகு, பச்சை மிளகாய் தாளித்து, கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள்.